டேப்லெட் வாங்கப் போற தம்பிக்கு

ஆறாவது படிக்கிற புள்ளைக்கு டேப்லெட் வாங்கித் தரப்போறியாமே தம்பி. ரொம்ப நல்ல காரியம். உன் கைக்கு செல்லு வந்த அன்னிக்கே வீட்டுல பாதிப் பேச்சு நின்னு போச்சு. மிச்சப் பாதியும் நின்னுட்டா நிம்மதியா தூங்கலாம்.

கிழவனுக்கு மெஷினுன்னாலே ஆகாதுன்னு ராஜகோபாலசாமி கோயில் மதில் ஓரமா நின்னு நீங்கள்லாம் பேசிக்கிறது காதுக்கு வந்துது. அபாண்டம்! மெஷின் செஞ்ச உபகாரத்தை நானே சொல்றேன், கேட்டுக்க. இன்ஜினியரிங் கவுன்சிலிங்குன்னா முன்னெல்லாம் மெட்ராஸ் கிண்டிக்குத்தான் போகணும். குறுவை நடவு நேரமாப் பார்த்து வரும். புள்ளை, அப்பன், தொணைக்கு ஒரு மாமன், சர்டிபிகேட் வச்ச மஞ்சப்பை. ரயில் செலவு, சாப்பாட்டுச் செலவு, நடவு கெட்ட நஷ்டம் வேற. 2018-ல அதை ஆன்லைனுக்கு மாத்துனாங்க. இப்போ ஊர்ல உக்காந்தே காலேஜைத் தேர்ந்தெடுக்கலாம். இதுக்காகவே அந்தப் பெட்டிக்கு ஒரு கும்பிடு போடலாம்.

அதே 2018, நவம்பர் 16-ல கஜா புயல் அடிச்சுது பாரு, தென்னையோட கரண்டு கம்பமும் சாஞ்சுது. நாள் கணக்கா இருட்டு. அப்போ செல்லைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வரப்பு வரப்பா அலைஞ்சவன் யாருன்னு நான் சொல்ல மாட்டேன். உனக்கே தெரியும்.

2011 செப்டம்பர் 15, அண்ணா பொறந்த நாள்ல, சர்க்காரு விலையில்லா லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்சுது. அதைத் தட்டித் தட்டியே கத்துக்கிட்டு கம்ப்யூட்டர் வேலைக்குப் போன புள்ளைங்க உண்டு. அதுலயே ராப்பகலா சினிமா பாத்து, வடிவேலு வசனத்துல டாக்டர் பட்டம் வாங்குற அளவுக்குத் தேறுனவனும் உண்டு. ரெண்டு பேருக்கும் கொடுத்தது ஒரே பெட்டிதான் தம்பி.

கொரோனாவுல 2020 மார்ச்சு மாசம் பள்ளிக்கூடத்தை மூடுனாங்க. வீட்டுக்கு ஒரு செல்லு, புள்ளைங்க மூணு. அந்தச் செல்லும் அப்பன் சட்டைப் பையில விடியக்காலையிலேயே வயலுக்குப் போயிடும். பெரியவனுக்கு ஆன்லைன் வகுப்பு நடக்கையில அவன் அப்பன் மடைக்குத் தண்ணி பாய்ச்சிக்கிட்டு இருப்பான். 2019-லயே ஆரம்பிச்ச கல்வித் தொலைக்காட்சி அப்போ கொஞ்சம் கைகொடுத்துது, பொய் சொல்லக் கூடாது. அதுக்கு நெட் கார்டு போட வேண்டியதில்லையே. ஆனா டி.வி.யில வர்ற டீச்சர், "புரிஞ்சுதா?"ன்னு கேட்டுட்டு, பதிலுக்கு நிக்காம அடுத்த பாடத்துக்குப் போயிடுவாங்க.

கடைசியில என்ன ஆச்சு? 2021 அக்டோபர் 27-ல 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்குனாங்க. ஒண்ணாவதுலேர்ந்து எட்டாவது வரைக்கும் உள்ள புள்ளைங்களுக்கு, தெருவுல இருக்கிற படிச்ச பொண்ணு ஒருத்தி சாயங்காலமா உக்காந்து சொல்லிக் கொடுக்கணும். மாசம் ஆயிரம் ரூவா. டி.வி., செல்லு, வாட்ஸ்அப்புன்னு எல்லாத்தையும் பாத்த சர்க்காரு, விட்டுப்போன படிப்பைப் புடிக்க, பாயை விரிச்சு உக்கார ஒரு ஆளைத்தான் தேடுச்சு.

அறுவடை மெஷின் ஒரு மணி நேரத்துல ஒரு மா என்ன, பல மாவை அறுத்துப் போட்டுடும். கதிர் முத்திருக்கா, பால் பிடிச்ச நிலையிலேயே நிக்குதான்னு அது பாக்குமா? நீதான் இறங்கி உருவிப் பாக்கணும். படிப்பும் அப்படித்தான். புள்ளைக்கு வகுத்தல் வரலைன்னா முழியைப் பாத்தே வாத்தியார் கண்டுபிடிச்சுடுவார். ஆனா அவரை எங்க புள்ளை முழியைப் பாக்க விடுறோம்? பள்ளிக்கூடத் தகவலைப் பதியுற எமிஸ் செயலியில இதைப் பதி, அதைப் பதின்னு அவரையும் செல்லுக்குள்ளயே தலையைக் கவுக்க வச்சாச்சு. வாத்தியார் சங்கங்களே இதுக்காக வாய் விட்டுக் கத்திப் பாத்தாச்சு.

சரி, ஆசைப்பட்டுட்ட, வாங்கு. பாடப் புத்தகத்துல கட்டம் கட்டமா ஒரு கியூஆர் கோடு போட்டிருக்கான்ல, அதைப் புள்ளை தட்டிப் பாக்கையில பக்கத்துல உக்காரு. பாத்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்லு. அந்த நேரத்துக்கு உன் செல்லை அடுக்களை மாடத்துல வச்சுடு. அதை நீ வைக்க மாட்டேன்னும் எனக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்துல மேலாண்மைக் குழு கூட்டம் போடுறாங்களே, ஒரு நாளாவது எட்டிப் பாத்தியா? போ. கணக்குக்கு வாத்தியார் இருக்காரா, இல்லை அந்த இடம் காலியாக் கிடக்கான்னு மொதல்ல கேட்டுட்டு வா. டேப்லெட்டை அப்புறமா வாங்கிக்கலாம்.