பச்சைக் கட்டம் எண்ணியவன்

சென்னைக்குப் போகிற ஆம்னி பஸ்ஸில் பாதிக்கு மேல் சீட் காலியாக இருந்தால், ஏறிய வண்டியிலேயே ஊர் போய்ச் சேர முடியாது என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். "சின்ன ரிப்பேர் சார்" என்று பைபாஸ் ஓரமாக இறக்கிவிட்டு, பின்னால் வரும் வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். இரண்டு வண்டிக் கூட்டம் ஒன்றில் அடங்கிவிடும். முதலாளிக்கு ஒரு வண்டி டீசல் மிச்சம். தரையில் சம்பாதித்த இந்த ஞானத்தை நான் கடலுக்கும் கொண்டுபோனேன்.

சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டுத் திரும்பும் சொகுசுக் கப்பலில் எனக்கும் மனைவிக்கும் இடம் போட்டிருந்தேன். ஜன்னல் இல்லாத உள்ளறை. பட்ஜெட் அதற்குத்தான் இடம் கொடுத்தது. முன்பணம் கட்டிய மனுஷன் பெட்டி வாங்கினோமா, பாஸ்போர்ட்டைத் தேடினோமா என்று இருந்திருக்கலாம். நான் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் லேப்டாப்பைத் திறந்து, கப்பலின் அறை வரைபடத்தை டெக் டெக்காகப் பார்க்க ஆரம்பித்தேன். விற்காத அறைகள் அதில் பச்சைக் கட்டமாகத் தெரியும். எண்ணி நோட்டில் குறித்துக்கொள்வேன். "என்னங்க, கப்பலை நீங்கதான் ஓட்டப் போறீங்களா?" என்றாள் மனைவி. ஓட்டுவதற்கே ஆள் வராது போலிருக்கிறதே என்ற கவலையில் இருந்தேன் நான்.

பயணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது முழுப் பணத்தையும் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. அந்த வாரம் பார்த்து பச்சைக் கட்டங்கள் திடீரென்று பெருகின. எட்டாவது டெக் முழுக்கப் பச்சைப் பசேல். ஆட்கள் தப்பித்து ஓடுகிறார்கள், நமக்குத்தான் சேதி வரவில்லை என்று முடிவு கட்டி, டிராவல்ஸ் பெண்ணுக்கு ஃபோன் போட்டேன். "ஏம்மா, இது கிளம்புமா?" "கிளம்பும் சார்." "காலியா இருக்கேம்மா?" "இருந்தாலும் கிளம்பும் சார்." அவருக்குக் கமிஷன் கவலை, அப்படித்தான் சொல்வார் என்று தீர்மானித்து, கப்பல் கம்பெனி முந்திக்கொள்வதற்குள் நான் முந்திக்கொண்டேன். முன்பணம் போனது.

குறித்த நாளில் கப்பல் கிளம்பியது. என் சகலை அதில் இருந்தார். கடைசி நேரத்தில் விலை இறங்கியதைப் பார்த்து, என் உள்ளறைக்குப் பேசிய காசில் அவர் பால்கனி அறை எடுத்திருந்தார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பால்கனிக் கம்பியைப் பிடித்தபடி ஒரு படம்; அதற்குக் கீழே, "காத்து நல்லா வருது."

அதன் பிறகுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். கப்பல் வியாபாரம் எப்படி நடக்கிறது என்று விசாரித்தேன். அந்தப் பச்சைப் பெருக்கத்துக்குக் காரணம், ஏஜென்ட்டுகள் குழுக்களுக்கென்று பிடித்து வைத்திருந்த அறைகள். முழுப் பணம் கட்டும் கெடு வந்ததும், விற்காத அறைகளை அவர்கள் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எல்லாக் கப்பலிலும் நடக்கிற சங்கதி. எதிர்ப்பக்கமும் உண்டு: "ஏதோ ஓர் அறை கொடுங்கள்" என்று மலிவாகப் பதிவு செய்தவர்களுக்கு அறை எண் கடைசியில்தான் விழும். அதுவரை அவர்கள் படுக்கப்போகும் அறையும் வரைபடத்தில் பச்சையாகவே நிற்கும். நான் காலி என்று எண்ணியதில் பாதி, ஆள் வரப்போகிற அறையாக இருந்திருக்கலாம்.

பெரிய கப்பலை பஸ் போல இன்னொன்றோடு சேர்க்கவும் முடியாது. வியாழன் காலை ஒரு கூட்டம் இறங்கினால் அன்று சாயங்காலமே அடுத்த கூட்டம் ஏறுகிறது. நடுவில் ஒரு பயணத்தை ரத்து செய்தாலும் ஆயிரம் ஊழியர்களுக்குச் சம்பளமும் சோறும் போட வேண்டும். கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். கப்பலை நிறுத்த இடம் பார்க்க வேண்டும். மேலும், ராயல் கரீபியன் போன்ற பெரிய நிறுவனங்களின் வருமானத்தில் சுமார் 30 சதவீதம் டிக்கெட்டில் வருவதே இல்லை. மது, சூதாட்டம், மசாஜ், கரையில் ஊர் சுற்றிக் காட்டுவது என்று ஏறிய பிறகு வாங்குகிற காசு அது. காலி அறை குடிக்காது, சூதாடாது. அதனால் அறையைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டாவது ஆளை ஏற்றுவார்கள். கப்பல் காலியாக இருந்தால் அடிபடுவது விலைதான், பயணம் அல்ல.

2020 டிசம்பரில், கொரோனாவுக்கு நடுவே, 'குவாண்டம் ஆஃப் தி சீஸ்' சிங்கப்பூரிலிருந்து எந்த ஊருக்கும் போகாமல் கடலில் சுற்றிவிட்டுத் திரும்பும் பயணங்களை ஆரம்பித்தது. பாதிப் பேருக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது நிபந்தனை. போக ஊரும் இல்லை, ஏற்ற ஆளும் பாதி, அப்போதும் ஓடியது. நான் நோட்டும் கையுமாக உட்கார்ந்து எதற்குப் பயந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

ஞானம் வந்துவிட்டதல்லவா, அடுத்த முறை பதிவே செய்யாமல் விலை இறங்கக் காத்திருந்தேன். இந்தத் தடவை பிள்ளைகளும் சேர்த்து நான்கு பேர், மே மாத விடுமுறை. பச்சைக் கட்டங்கள் இருந்தன. உள்ளே போய் நான்கு பேர் என்று போட்டால் "இடமில்லை" என்றது. உயிர்காப்புப் படகுகளில் எத்தனை தலைக்கு இடமோ அதற்கு மேல் ஏற்ற முடியாது. கப்பல் நிரம்பிய அளவை அறைக்கு இரண்டு பேர் என்று வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். லீவு நாட்களில் பிள்ளைகள் மூன்றாவது, நான்காவது படுக்கைகளைப் பிடித்துக்கொள்வதால் அது 100 சதவீதத்தைத் தாண்டிவிடும். அறை மிச்சம் இருக்கும், படகில் இடம் இருக்காது. அந்த மே மாதம் ஏற்காட்டில் கழிந்தது.

பிறகு "ஏதோ ஓர் அறை" திட்டத்தில் நானும் சேர்ந்தேன். கப்பல் காலியாக இருக்கிறது, கடைசியில் நல்ல அறையாகத் தூக்கிக் கொடுப்பார்கள் என்று நம்பிக்கை. ஜன்னல் அறை கிடைத்தது. திரையை விலக்கினால், கையெட்டும் தூரத்தில், ஜன்னலை முழுக்க அடைத்துக்கொண்டு ஆரஞ்சு நிற உயிர்காப்புப் படகு. அதன் போல்ட்டுகளில் பூசிய கிரீஸ்கூடத் தெரிந்தது, கடல் தெரியவில்லை. ஒரு நாள் காலை நான் பனியனோடு பல் தேய்த்துக்கொண்டு நிற்கையில் படகைத் தட்டிப் பார்க்க ஒரு மாலுமி வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் பிரஷ்ஷோடு நான். வேறு வழியில்லாமல் ஒருவருக்கொருவர் வணக்கம் வைத்துக்கொண்டோம். மே மாதம் இடம் தராமல் அனுப்பிய படகை இப்படி நேரில் சந்திக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது.

காலிக் கப்பலே வேண்டாம் என்று அதற்கடுத்து, கூட்டம் அலைமோதுகிற பயணமாகப் பார்த்துப் பதிவு செய்தேன். பச்சைக் கட்டமே இல்லை, நிம்மதியாகத் தூங்கினேன். அதுதான் ரத்தானது. ஏதோ ஒரு பெரிய கம்பெனி தன் டீலர்களை உபசரிக்கக் கப்பலை மொத்தமாக வாடகைக்கு எடுத்துக்கொண்டதாம். கட்டிய பணம் பைசா குறையாமல் வந்துவிட்டது. விலை குறைவு என்று, ரத்து செய்ய முடியாத வகையில் நான் எடுத்து வைத்திருந்த விமான டிக்கெட்டின் பணம்தான் வரவில்லை. "ஃப்ளைட் இப்ப வேண்டாம்னு சொன்னேனே சார்" என்றார் டிராவல்ஸ் பெண். சொல்லியிருந்தார்.

கப்பல் பயணங்கள் நிஜமாக ரத்தாவது இந்த மாதிரிக் காரணங்களால்தான். மொத்த வாடகை, பழுதுபார்க்கும் துறைக்குப் போவது, எஞ்சின் கோளாறு, புயல், போர். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, அந்த வழியே போகவிருந்த பல பயணங்கள் ரத்தாயின அல்லது பாதை மாறின. அறை நிரம்பியதா இல்லையா என்று அப்போது யாரும் பார்க்கவில்லை. அதே 2023இல், மூன்று வருடம் உலகைச் சுற்றிவரலாம் என்று 'லைஃப் அட் சீ' என்ற பயணத்தை விற்றார்கள். வீட்டையே விற்றுவிட்டுக் கிளம்பத் தயாராக இருந்தவர்களும் உண்டு. நவம்பரில் இஸ்தான்புல்லில் ஏற வேண்டும். தேதி தள்ளித் தள்ளிப் போய், அவர்கள் வாங்க நினைத்த கப்பலை வேறொரு நிறுவனம் வாங்கிவிட, பயணமே இல்லை என்றாகிவிட்டது. அறை காலியா என்று ராத்திரி ராத்திரி பார்த்தவன் நான். அங்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி, கப்பல் கையில் இருக்கிறதா என்பது.

என் ஆம்னி பஸ் ஞானம் செல்லுபடியாகிற கடலும் உண்டு. அது நம் வாசலிலேயே இருக்கிறது. 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஓட ஆரம்பித்த 'ஸ்கோஷியா பிரின்ஸ்' அந்த நவம்பரிலேயே நின்றுபோனது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 150 பேர் போகக்கூடிய 'செரியாபாணி' கிளம்பியது. தினமும் ஓடும் என்றார்கள். ஆள் போதாமல் வாரத்துக்கு மூன்று நாள் என்று சுருக்கினார்கள். பருவமழை வருகிறதென்று 20ஆம் தேதியோடு நிறுத்தினார்கள். மறுபடி ஆரம்பிக்க 2024 ஆகஸ்ட் ஆனது, வேறு கப்பலோடு. சில மணி நேரப் பயணம். சூதாட்டக்கூடம் கிடையாது, மசாஜ் கிடையாது. டிக்கெட் காசுதான் பிரதான வரும்படி. அங்கே காலி சீட் என்றால் நஷ்டம்தான். ஆள் குறைந்தால் பயணம் ரத்தாகுமா என்று கவலைப்பட உரிமையுள்ளவர் நாகைத் துறைமுகத்தில் நிற்பவர். நான் அந்தக் கவலையைச் சிங்கப்பூர் வரை சுமந்துகொண்டு போனேன்.

இப்போது மறுபடி ஒன்று பதிவு செய்திருக்கிறேன். மழைக்காலம், விலை மலிவு, கூட்டம் குறைவு. மனைவி லேப்டாப்பின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டாள். அதனால் நேராக டிராவல்ஸுக்கே ஃபோன் போட்டு, "ஏம்மா, இன்னும் எத்தனை ரூம் காலியா இருக்கு?" என்று கேட்டேன். அவர் மரியாதை குறையாமல்தான் பதில் சொன்னார்: "சார், கப்பல் கேன்சல் ஆனா நாங்களே ஃபோன் பண்றோம். நீங்க பண்ணாதீங்க."