ஐந்து பேர் நெய்யும் சேலை

கேள்வி: ஆசியக் கூடைப்பந்தின் முதல் பிரிவில் இந்தியப் பெண்கள் பட்டம் வென்றதே இல்லை. பிறகு அனிதா பால்துரையை மகத்தான வீராங்கனை என்பது மிகையில்லையா? (வாசகர், கூரம், காஞ்சிபுரம் மாவட்டம்)

பதில்: மிகையே இல்லை. 2001 முதல் 2017 வரை தொடர்ந்து 9 ஆசிய சாம்பியன்ஷிப்களில் ஆடியவர். 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர். கோப்பைதானே அளவுகோல் என்பீர்கள். அமெரிக்கக் கல்லூரி வீரர் பீட் மாராவிச் 1967–70இல் 83 ஆட்டங்களில் 3,667 புள்ளிகள் குவித்தார், அதுவும் மூன்று புள்ளிக் கோடே இல்லாத காலத்தில். அந்த ஆண்டுகளில் அவருடைய அணி தேசிய சாம்பியன்ஷிப்புக்கு ஒருமுறைகூடத் தகுதி பெறவில்லை. அதனால் அவர் பெருமை குறைந்ததா? உங்கள் காஞ்சிபுரத்தில் கோர்வைப் பட்டு நெய்ய, கரைக்கான நாடாவை வீச இன்னொரு கை வேண்டும். அந்தக் கை வராவிட்டால் முடங்குவது சேலை. நெசவாளியின் திறமை அப்படியே இருக்கும். கூடைப்பந்தும் ஐந்து பேர் நெய்யும் சேலைதான். அனிதா தன் இழையை அறாமல் ஓட்டினார். பெண்கள் ஆட்டத்துக்குக் கைகொடுக்க வேண்டியது நாம்.