பைக்கில் ஒரு பஞ்சாக்கினி

சென்னையில் பன்னிரண்டு மாதமும் பைக்கிலேயே வேலைக்குப் போகிறவருக்குத் தனியாகத் தவம் எதற்கு? அக்னி நட்சத்திரத்தில் அண்ணா சாலை சிக்னலில் நின்றாலே பஞ்சாக்கினி: மேலே சூரியன், கீழே தார், முன்னே பஸ் புகை, பின்னே ஆட்டோக்காரரின் வசவு, முழங்காலுக்கிடையே என்ஜின். ஐப்பசியில் வேளச்சேரியில் சைலன்ஸர் முங்கும்போது கங்கா ஸ்நானமும் ஆகிவிடுகிறது. வெள்ளத்துக்கு மேம்பாலத்தில் ஒதுங்கலாமே என்பார்கள். அங்கே கார்கள் முன்பே குடியேறிவிடுகின்றன. பாதுகாப்பு இல்லை என்பது வீண்பழி. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் ஹெல்மெட்டைத் தலைக்கு விதித்தது. நம்மவர்கள் பெருந்தன்மையோடு பெட்ரோல் டாங்குக்கு அணிவித்திருக்கிறார்கள். போலீஸைக் கண்டால் மட்டும் அது தலைக்கு ஏறும். ஆயிரம் ரூபாய் அபராதம் என்றால் உயிர் போகிறதல்லவா! பேசாமல் மெட்ரோவில் போகலாமே? தாராளமாக. ஸ்டேஷன் வரை போக ஒரு பைக் இருந்தால் போதும்.