அகநானூற்றைம்பது

இந்நூல் என் நுதலிற்றோ எனின், பிரிட்டனில் கவுன்சலிங் உளவியலிலும் உளச்சிகிச்சையிலும் முனைவர் பட்டம் பெறப் புகுவோரின் இலக்கணம் உணர்த்துதல் நுதலிற்று. பட்டத்துக்குப் பிரிட்டிஷ் உளவியல் கழகம் வைத்த அளவு இரண்டு. பயிற்சியாளர், அதாவது பயிற்சி பெறுபவர், மேற்பார்வைக்கு உட்பட்டு க்ளையன்டுகளோடு 450 மணியாவது உட்கார்ந்திருக்க வேண்டும். தாமே ஒரு தெரபிஸ்டிடம் க்ளையன்டாகப் போய் 40 மணியாவது உட்கார வேண்டும். அகத்தைப் பற்றியது, 450 கொண்டது என்பதால் நூலுக்கு இப்பெயர் வந்தது.

மணி என்றது ஈண்டு ஐம்பது நிமிடம். ஆக, சுவர்க் கடிகாரக் கணக்கில் 450 என்பது 375தான். க்ளையன்ட் வராமற்போன வேளை பெரும்பாலும் இதில் சேராது.

திணையியல்

முதற்பொருள் நிலமும் பொழுதும். பொழுது சொல்லப்பட்டது. நிலம் என்பது பிளேஸ்மென்ட்: துக்கத்தில் இருப்போருக்கான தொண்டு நிறுவனம், பல்கலைக்கழகத்தின் மாணவர் சேவை, தேசிய சுகாதாரச் சேவையின் கிளினிக், சிறை. இவற்றுள் பெரும்பாலானவற்றில் சம்பளம் கிடையாது. பக்கத்து வகுப்பில் கிளினிக்கல் உளவியல் பயில்பவருக்கு அதே சுகாதாரச் சேவை மாதச் சம்பளம் தருகிறது. கவுன்சலிங் பயிற்சியாளரோ பெரும்பாலும் கல்விக் கட்டணம், சொந்த தெரபிக்கான கட்டணம், ரயில் கட்டணம் மூன்றையும் தாமே கட்டுகிறார். இந்த ஓரவஞ்சனைக்கு உரையாசிரியர் எவரும் நல்ல காரணம் சொல்லக் கண்டதில்லை.

கருப்பொருளாவன: நேருக்கு நேர் முட்டாமல் சற்றே கோணலாகப் போட்ட இரண்டு நாற்காலி, டிஷ்யூ பெட்டி, க்ளையன்டின் தலைக்குப் பின்னால் தெரபிஸ்டுக்கு மட்டும் தெரியும்படி வைத்த கடிகாரம், நடுத்தர ஆரோக்கியத்தோடு ஒரு செடி.

திணை ஐந்து. குறிஞ்சி, ஃப்ராய்டு வழி. அதன் பொழுது யாமம், அதாவது கனவு வரும் நேரம். உரிப்பொருளை விளக்கினால் பத்திரிகை தாங்காது. முல்லை, கார்ல் ரோஜர்ஸ் வழி. அறிவுரை சொல்லாமல், அவசரப்படுத்தாமல் காத்திருத்தலே அதன் ஒழுக்கம். மாற்றம் நிகழ ஆறு நிபந்தனைகள் வேண்டும், அவையே போதும் என்று 1957இல் ரோஜர்ஸ் எழுதிவிட்டார். பயிற்சியாளருக்குப் போதாமற்போவது எப்போதும் ஏழாவது. பாலை, இருத்தலியல் வழி. அதன் தெய்வம் ஹைடெக்கர். வழிபடுவோர் பலர், படித்து முடித்தோர் சிலர். மருதம், ஆரன் பெக் தொடங்கிய அறிவாற்றல் சிகிச்சை. தன் எண்ணங்களோடே ஊடல் செய்வது அதன் ஒழுக்கம். அரசு வாய்க்கால் பாய்வதும் இங்கேதான். இங்கிலாந்தில் 2008இல் தொடங்கி 2023இல் பேச்சுச் சிகிச்சைச் சேவை என்று பெயர் மாறிய திட்டம் இத்திணையைத்தான் முதலில் நனைத்தது. விளைச்சலை அளக்க ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு வினாத்தாள் உண்டு. சோர்வுக்கு 0 முதல் 27 வரை மதிப்பெண். எஞ்சியது நெய்தல், ஒருங்கிணைப்பு வழி. எல்லா ஆறும் அங்கே வந்து கலக்கும். எது எந்த ஆற்று நீர் என்று வைவா என்ற வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள்.

அஃதேல், இவ்வைந்தில் சிறந்தது யாது எனின், 1936இலேயே சால் ரோசன்ஸ்வைக் இதற்கு விடை சொல்லிவிட்டார். ஆலிஸ் கதையில் டோடோ என்ற பறவை ஓட்டப்பந்தயத்தில் ஓடிய எல்லோருக்கும் பரிசு அறிவிக்கும். சிகிச்சை முறைகளின் பந்தயமும் அப்படித்தான் என்றார் அவர். அவ்விடையை ஒவ்வொரு திணையாரும் ஒப்புக்கொண்டு, தங்கள் திணைக்கு மட்டும் விலக்குக் கேட்பர்.

அகத்திணைக்கும் இதற்கும் உள்ள மெய்யான உறவு ஒன்றே. அகப்பாட்டில் தலைவன் தலைவியின் பெயர் சுட்டக் கூடாது. கேஸ் ஸ்டடியிலும் கூடாது. தொழில், ஊர், வயது எல்லாவற்றையும் மாற்றி எழுத வேண்டும். எழுதியவருக்கே அடையாளம் தெரியாமற்போனால் அது முழுமை பெற்றது என்க.

மாணாக்கரியல்

பவணந்தியார் நன்னூலில் மாணாக்கரை எட்டாக வகுத்தார்: அன்னமும் பசுவும் தலை, மண்ணும் கிளியும் இடை, ஓட்டைக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடை. இலண்டனில் இவ்வரிசை தலைகீழாகிறது.

கிளி சொன்னதைச் சொல்லும். ரோஜர்ஸ் வழியில் முதலாண்டு முழுதும் இதுவே பயிற்சி. க்ளையன்ட், “எனக்கு வீட்டுக்குப் போகவே பிடிக்கவில்லை” என்றால், “வீட்டுக்குப் போகவே பிடிக்கவில்லை…” என்று திருப்பித் தர வேண்டும். இரண்டாமாண்டில் இதை விட்டுவிட வேண்டும். விடாதவர் பலர், வீட்டில் சாம்பார் கேட்டாலும் இப்படியே பதில் வரும் என்று அவர்களை மணந்தோர் கூறுவர்.

ஆடு ஒரு செடியில் வயிறு நிறைய மேயாது, செடிக்குச் செடி தாவும். பவணந்தியாரிடம் கடைமாணாக்கன். இங்கே அவர் ஒருங்கிணைப்பு வழியினர்; மேய்ந்த செடிகளுக்கிடையே ஒரு கொள்கை உறவு இருந்தது என்று எட்டாயிரம் சொல்லில் நிறுவிவிட்டால் தலைமாணாக்கரே.

ஓட்டைக்குடத்தின் கதை இன்னும் வியப்பு. ரகசியம் ஒழுகும் குடத்துக்கு இத்தொழிலில் இடமில்லை, அது கிடக்கட்டும். ஆனால் கேட்டதை மறப்பதையே ஒரு தவமாக்கியவர் வில்ஃப்ரெட் பியோன். நினைவும் ஆசையும் இல்லாமல் ஒவ்வொரு சந்திப்புக்கும் போக வேண்டும் என்று 1967இல் எழுதினார். அது முதல், போன வாரம் க்ளையன்ட் சொன்ன தங்கையின் பெயரை மறந்தவர்கள் பியோனைத் துணைக்கு அழைக்கிறார்கள். பியோன் சொன்னது நினைவை ஒதுக்கிவைப்பது. இவர்களுக்கு ஒதுக்க எதுவுமே இருந்ததில்லை.

பசு மேய்ந்ததை அசைபோடும். 1983இல் டொனால்ட் ஷோன் ‘பிரதிபலிக்கும் தொழிலர்’ பற்றி நூல் எழுதிய பின் பசுவாதல் கட்டாயமாயிற்று. அசைபோட்டதை எழுதவும் வேண்டும். நான் கண்டவரை, இந்தப் பயிற்சியில் மிகுதியாகக் கெட்டுப்போவது பசுக்கள்தாம். எந்தச் சொல்லையும் விழுங்காமல் அசைபோட்டே மெலிந்துவிடுகிறார்கள். குளத்தைக் கலக்கும் எருமைக்கென்று குழுப் பயிற்சி தனியே உண்டு. அங்கே அவர் வராத வாரம் யாரும் பேசுவதில்லை.

மணியியல்

40 மணியின் வரலாறு பெர்லினில் தொடங்குகிறது. 1920இல் அங்கே தொடங்கிய உளப்பகுப்பாய்வு கிளினிக்கில் மாக்ஸ் ஐடிங்கனும் நண்பர்களும் பயிற்சியை மூன்றாக வகுத்தார்கள்: தானே பகுப்பாய்வுக்கு உட்படல், மேற்பார்வையில் நோயாளரைப் பார்த்தல், பாடம் கேட்டல். இன்றும் அம்முக்காலிதான்.

க்ளையன்டாகப் போகும் பயிற்சியாளர் மணிக்காகப் போவார், வலிக்காகப் போவார் என இருவகையர். மணிக்காகப் போனவர் நடுவில் வலிக்காரராக மாறுவதுண்டு, மறுதலை கண்டதில்லை. முடிவில் அவருடைய தெரபிஸ்ட் ஒரு கடிதம் தருவார். இன்னார் இத்தனை மணி வந்தார் என்பதோடு அது முடியும். அழுதாரா, பொய் சொன்னாரா, தொழிலுக்குத் தக்கவரா என்று ஒரு சொல் இராது.

இது என்ன, வருகைப் பதிவேடா என நகைப்பார்க்கு விடை: முற்காலத்தில் சில பகுப்பாய்வு நிறுவனங்களில், பயிற்சியாளரின் தெரபிஸ்டே அவர் தேறுவாரா என்று நிறுவனத்துக்கு அறிக்கை தந்தார். விளைவு எளிது. நாளை தனக்கு மதிப்பெண் போடுபவரிடம் எவன் மனத்தைத் திறப்பான்? அவ்வழக்கம் பெரும்பாலும் கைவிடப்பட்டது. ஆகவே மணியை மட்டும் எண்ணுவது சோம்பலால் அன்று, நாகரிகத்தால் என்க. எண்ணத் தக்கது வேறொன்று என்பது எண்ணுவோருக்கும் தெரியும்.

உரையியல்

க்ளையன்டின் அனுமதியோடு ஒரு சந்திப்பைப் பதிவு செய்து, வரிக்கு வரி எழுத்தில் இறக்கி, ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் எழுதுதல் ‘புராசஸ் ரிப்போர்ட்’ எனப்படும். 1942இல் ரோஜர்ஸ், ஹெர்பர்ட் பிரையன் என்று புனைபெயரிட்ட ஒருவரின் எட்டுச் சந்திப்புகளையும் ஒலிப்பதிவிலிருந்து முழுமையாக அச்சிட்டார். மூடிய அறையில் நடந்ததை அதுவரை தெரபிஸ்டின் வாயால் மட்டுமே உலகம் அறிந்திருந்தது. நச்சினார்க்கினியரைப் படித்தவருக்கு வரிக்கு வரி உரை எழுதும் இம்முறை புதிதன்று. மூலத்தில் ‘ம்ம்’ என்றிருக்கும். அதற்கு ஒரு பத்தி உரை: ஏன் அங்கே ம்ம், அப்போது தன் வயிற்றில் என்ன உணர்வு, வேறென்ன சொல்லியிருக்கலாம். இரண்டாம் ‘ம்ம்’முக்கு, மேற்கூறியதே கொள்க என்று எழுதினால் மதிப்பெண் குறையும்.

ஆய்வேடு பற்றி விரிப்பின் பெருகும். ஜொனதன் ஸ்மித் 1996இல் முன்வைத்த விளக்கவியல் முறையில் பத்துப் பேருக்குள்ளாகப் பேட்டி கண்டு எழுதுவோர் பெரும்பாலோர். தலைப்பு, ஆய்வாளரின் பழைய காயத்துக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கும்.

பெயரியல்

உளவியலாளர்களுக்கான சட்டப் பதிவேடு 2009இல் திறந்தது. பதிவில்லாமல் ‘கவுன்சலிங் உளவியலாளர்’ என்று பலகை மாட்டுவது குற்றம். உளச்சிகிச்சையாளர் என்ற பெயருக்கோ சட்டக் காவல் இல்லை. மருத்துவர் அல்லாத தியோடர் ரைக் போலி வைத்தியர் என்று வியன்னாவில் குற்றம் சாட்டப்பட்டதும், ஃப்ராய்டு அவருக்காக நூல் எழுதியதும் 1926இல். பிரிட்டனில் அக்கேள்வி இன்னும் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. யூகேசிபி, பிஏசிபி போன்ற அமைப்புகள் தன்விருப்பப் பதிவேடுகள் வைத்திருக்கின்றன. சேராதவரைத் தடுக்க அவற்றுக்கு அதிகாரம் இல்லை.

எனவே பல ஆண்டு படித்தவர் பட்டத்தில் இரு பெயர் பெறுகிறார். முதற்பெயருக்கு அவர் தொடர்ந்து கட்டணம் கட்ட வேண்டும். இரண்டாவதை, முதல் பருவத்திலேயே விலகிப்போன அந்த எருமையும் கதவில் எழுதிக்கொள்ளலாம்.