கனத்த ஆடையும் கைத்துப்பாக்கிக் குண்டும்: திருவண்ணாமலை வட்டாரச் சான்றுகளுடன் ஓர் ஆய்வு

கனத்த துணி உடுத்தியவரைச் சிறு துப்பாக்கிக் குண்டு துளைக்குமா என்ற வினாவை ஆராயத் திருவண்ணாமலை தோதான ஊர் அன்று. ஆண்டில் பெரும்பகுதி, தோளில் துண்டு கிடப்பதே மிகை என்று தோன்றவைக்கும் வெயில். ஊரிலேயே கனமான துணி மகாதீபத்துக்குத் திரியாகும் காடாத்துணிதான். அதையும் நெய்யில் ஊறவைத்து, 2,668 அடி உயரத்தில் கொளுத்திவிடுகிறார்கள். ஆய்வுக்கு ஒரு முழம் கேட்டுப் பார்க்கும் துணிவு எனக்கு இல்லை.

ஆகவே முதல் சான்று குளிர்நாட்டு இறக்குமதி. கொரியப் போரில் (1950-53) பஞ்சு திணித்த சீனக் கோட்டுகள் பனியில் இறுகிப்போய், எம்-1 கார்பைன் குண்டையே தடுத்துவிட்டதாக அமெரிக்கச் சிப்பாய்கள் பலர் சாதித்தார்கள். குழலைவிட்டுக் கிளம்பும்போது அந்தக் குண்டின் ஆற்றல் ஏறத்தாழ 1,300 ஜூல். பஞ்சு அதற்கு ஒரு பொருட்டல்ல. குறி தப்பியது என்பதைவிடக் கோட்டு தடுத்தது என்பது சொல்லக் கௌரவமாக இருந்திருக்கும். மார்கழி விடியலில் கிரிவலம் வருவோரின் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் இதனினும் மெலிந்தவை. பனியைத் தாங்கினால் போதும், விட்டுவிடுவோம்.

துணியின் தரப்பில் சாட்சி சொல்ல வருவது திருவிழா பலூன் கடை. பலகைக்குப் பின்னால் பழைய ஜமக்காளம் தளர்வாகத் தொங்கினால், ஏர்கன் ரவை அதில் மோதிப் பொத்தென்று கீழே விழும். அதே ஜமக்காளத்தை இழுத்து ஆணியடித்தால் ஓட்டை விழும். தொங்கும் துணி பின்வாங்கி, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்கிறது. ஆனால் ரவையின் எடை அரை கிராம், ஆற்றல் பத்து ஜூலைத் தொடுவதே அரிது. தவிர, ஜமக்காளத்துக்குப் பின்னால் காற்று. சட்டைக்குப் பின்னால் விலா எலும்பு. (அந்த ரவையே கண்ணைப் பறிக்கும். வாசகர்கள் வீட்டில் ஆய்வைத் தொடர வேண்டாம்.)

பட்டின் கதை வேறு. அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊர் மருத்துவர் ஜார்ஜ் குட்ஃபெல்லோ, பட்டைக் குண்டு துளைப்பதில்லை என்று 1887-இல் கட்டுரையே எழுதினார். சுடப்பட்ட ஒருவரின் பட்டுக் கைக்குட்டை கிழியாமல் குண்டோடு சேர்ந்து காயத்துக்குள் போயிருந்தது. கைக்குட்டைக்குச் சேதமில்லை, ஆள் இறந்துவிட்டார். 1893-இல் சிகாகோ மேயர் சுட்டுக் கொல்லப்பட்டபின், அவ்வூரில் இருந்த காசிமிர் ஜெக்லென் என்ற போலந்துப் பாதிரியார் பட்டை அடுக்கடுக்காக நெய்து குண்டு தாங்கும் மேலாடை செய்தார். அக்காலத்துக் கைத்துப்பாக்கிகளின் மந்தமான ஈயக் குண்டை அது நிறுத்தியது.

இங்கேதான் நம் மாவட்டத்து ஆரணி அரங்குக்கு வருகிறது. ஆறு கஜப் புடவை என்பது ஐந்தரை மீட்டர் நீளம், ஒன்றேகால் மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலம். ஒரு அடிச் சதுரமாக மடித்தால் சுமார் 70 அடுக்கு. நெஞ்சின் ஒரு பகுதிக்கு அது ஆயிற்று. முதுகுக்கு இன்னொன்று, வயிற்றுக்கு இன்னொன்று என்று போனால் ஒரு கல்யாண ஜவுளியே ஆகிவிடும். அப்படியும் இன்றைய 9 மி.மீ. குண்டு ஏறத்தாழ 500 ஜூலோடு வரும்; அதற்கு எதிரே ஆரணிப் பட்டைப் பரிந்துரைக்க இந்த ஆய்வு தயாராக இல்லை. 1965-இல் ஸ்டெஃபனி குவோலெக் கெவ்லாருக்கு வழிவகுத்த இழையைக் கண்டுபிடித்தபின் அந்த வேலை பட்டின் கையைவிட்டுப் போய்விட்டது.

மிச்சமிருப்பது ஊருக்குள்ளேயே நடந்த ஒரு சம்பவம். 1924 ஜூன் 26 இரவு ரமணாசிரமத்துக்குள் திருடர்கள் புகுந்தார்கள். தங்களிடம் துப்பாக்கி இருப்பதாக நம்பவைக்க ஜன்னலருகே பட்டாசு வெடித்தார்கள். பகவான் ரமணர் உடுத்தியிருந்தது வழக்கமான கோவணம். இடது தொடையில் அடி விழுந்தது; போதாதென்றால் மறுகாலிலும் அடிக்கலாம் என்று அவர் சொன்னார். தடி அடியைக் கோவணம் தடுக்காது என்பது இதனால் நிறுவப்படுகிறது. குண்டைப் பற்றி ஏதும் முடிவுகட்ட வழியில்லை, வந்தவர்களிடம் இருந்தது பட்டாசு மட்டும்தான்.