ஏ பக்கம் பாட்டு, பி பக்கம் டப்

கோபாலபுரத்துக்கு ரெகே போனி எம் வழியாகத்தான் வந்து சேர்ந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் டூ-இன்-ஒன் இருந்த வீடுகளில் ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’ ஓடாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. 1978இல் போனி எம் அதை உலகமெங்கும் கொண்டுபோனார்கள். ஆனால் 1970இலேயே அதைப் பாடிப் பதிவு செய்தவர்கள் ஜமைக்காவின் மெலோடியன்ஸ் மூவர். வரிகளுக்கு மூலம் பைபிளின் 137ஆம் சங்கீதம். கதீட்ரல் ரோடு தேவாலயத்துக்குப் போய்வந்த பக்கத்து வீட்டு டீச்சருக்கு அது தெரிந்திருந்தது. அந்நிய மண்ணில் சிறைப்பட்டவர்களின் அந்த அழுகையை ஜமைக்காக்காரர்கள் தங்கள் முன்னோரின் அடிமைக் கதையாகப் பாடினார்கள் என்பதைச் சொல்ல எங்கள் தெருவில் ஆள் இல்லை. அந்தத் தாளத்துக்கு ஒரு பெயர் உண்டு என்பதே தெரியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தோம்.

இன்று எல்லாம் தலைகீழ். பாண்டி பஜார் டி-ஷர்ட்டில் பாப் மார்லி இருக்கிறார், ஆட்டோவின் பின்கண்ணாடியில் இருக்கிறார், சலூன் சுவரில் இருக்கிறார். அந்த முகத்தைத் தெரியாத கல்லூரிப் பிள்ளைகள் குறைவு. அவருடைய ஆல்பம் ஒன்றை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்டவர்கள் அதைவிடக் குறைவு. அதனால்தான் என் தம்பி மகள் சமீபத்தில் வந்து, “பெரியப்பா, மார்லி கொஞ்சம் கேட்டுட்டேன். அடுத்து என்ன கேக்கலாம்? அஞ்சு ஆல்பம் சொல்லுங்க” என்றபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

எங்கள் காலத்தில் இந்தக் கேள்விக்கு எங்கும் பதில் கிடைக்காது. ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுத்தால் வெற்றுக் கேசட்டில் பதிந்து தருவார்கள். எழுத முதலில் பெயர் தெரிந்திருக்க வேண்டுமே! மூர் மார்க்கெட்டில் பழைய இசைத்தட்டுகளைக் கிளறிப் பார்க்கலாம். 1985இல் அதுவும் எரிந்துபோயிற்று. எனக்கு வழி திறந்தது கடல்தான். நண்பனின் அண்ணன் கப்பலில் என்ஜினீயர். லண்டனில் யாரோ பதிந்து கொடுத்த சி-90 கேசட் ஒன்றைக் கொண்டுவந்தார். ஏ பக்கம் பர்னிங் ஸ்பியரின் ‘மார்கஸ் கார்வி’. பி பக்கம் ‘கார்வீஸ் கோஸ்ட்’. உறையில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய இந்த இரண்டு பெயர்களைத் தவிர வேறொன்றும் இல்லை.

உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் மரநிழலில், அந்த அண்ணனின் ஃபியட் காரில் உட்கார்ந்து கேட்டோம். முதல் பக்கத்தில் ஒரு கனத்த குரல், மார்கஸ் கார்வியை மறந்துவிட்டீர்களே என்று தன் ஊர் மக்களை உரிமையோடு கேட்கிறது. கேசட்டைத் திருப்பிப் போட்டால் அதே பாட்டுகள், ஆனால் குரலைக் காணோம். ஒரு சொல் மட்டும் எங்கிருந்தோ வந்து, எதிரொலித்து, தேய்ந்து போகிறது. ஊதுகருவிகள் பாதியில் நின்றுவிடுகின்றன. பாஸும் டிரம்மும் மட்டும் தனியாக நடக்கின்றன. நண்பன் வால்யூமைக் கூட்டினான். கதவில் மாட்டியிருந்த தட்டில் காபி டபரா கிடுகிடுவென்று ஆடியது.

பின்னால் படித்துத் தெரிந்துகொண்டவை இவை. கறுப்பின மக்களின் விடுதலைக்குக் குரல் கொடுத்த தலைவர் கார்வி பிறந்தது ஜமைக்காவின் செயின்ட் ஆன் என்ற பகுதியில். பர்னிங் ஸ்பியர் என்கிற வின்ஸ்டன் ராட்னியும் அங்கேதான், மார்லியும் அங்கேதான். ‘மார்கஸ் கார்வி’ 1975இல் வந்தது, ‘கார்வீஸ் கோஸ்ட்’ 1976இல். முதலாவது பாட்டு, இரண்டாவது அதன் டப்.

டப் பிறந்த கதையைப் புதிதாகக் கேட்பவர்களிடம் நான் கட்டாயம் சொல்வேன். ஜமைக்காவில் ஐம்பதுகளிலிருந்தே, பேண்டு வைத்துக் கச்சேரி நடத்த வசதியில்லாத தெருக்களில் பெரிய பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி இசைத்தட்டு போட்டு ஆடினார்கள். அந்த அமைப்புக்குப் பெயர் சவுண்ட் சிஸ்டம். அறுபதுகளின் இறுதியில் ட்யூக் ரீடின் ஸ்டுடியோவில் பாரகன்ஸ் குழுவின் ‘ஆன் த பீச்’ பாட்டைச் சோதனைத் தட்டில் வெட்டும்போது குரல் விட்டுப்போயிற்று. அந்தத் தட்டை அப்படியே ஆட்டக் களத்தில் போட்டதும் கூட்டமே பாட ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பிறகு இசைத்தட்டின் ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் குரலில்லாத வெர்ஷன் என்பது வழக்கமாயிற்று.

அந்த மறுபக்கத்தைக் கலையாக்கியவர் கிங் டப்பி. வாத்தியக்காரர் கிடையாது, பாடகரும் கிடையாது. ரேடியோ, டிவி பழுது பார்ப்பவர். டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுவார், ஆம்ப்ளிஃபையர் கட்டுவார். நம் ரிச்சி தெருவில் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்திருக்கும் ஒரு மெக்கானிக், இருந்த இடத்திலிருந்தே உலகத்தின் இசையை மாற்றிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸ் பகுதியில், வீட்டில், வேறொரு ஸ்டுடியோ கழித்துப்போட்ட நான்கு டிராக் மிக்ஸரை வைத்துக்கொண்டு வேலை செய்தார். குரலை வெட்டுவார், எதிரொலியில் தள்ளுவார், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு பாஸை மட்டும் விடுவார். பதிவான பாட்டை மறுபடி பிரித்துப் புதிதாகக் கட்டலாம் என்று காட்டினார். இன்றைய ரீமிக்ஸ் எல்லாவற்றுக்கும் மூதாதை அவர்தான். 1989 பிப்ரவரியில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதை இப்போது எழுதும்போதும் மனம் கனக்கிறது.

தம்பி மகளுக்கு நான் சொன்ன முதல் ஆல்பம் ‘த ஹார்டர் தே கம்’, 1972. ஜிம்மி கிளிஃப் நடித்த படத்தின் பாட்டுத் தொகுப்பு. மெலோடியன்ஸின் அசல் ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’ இதில் இருக்கிறது. டூட்ஸ், டெஸ்மண்ட் டெக்கர் எல்லோரும் இருக்கிறார்கள். ஒரே தட்டில் ஒரு ஊரே கிடைக்கும்.

பிறகு மார்லியும் வெய்லர்ஸும் 1973இல் தந்த ‘கேட்ச் எ ஃபயர்’. எல்லோரும் கேட்கும் ‘லெஜண்ட்’ அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்துத் தொகுத்தது. அதில் கோபம் குறைவு. இதில் அது முழுசாக இருக்கிறது. கார்ல்டன் பேரட்டின் டிரம்ஸைக் கவனிக்கச் சொன்னேன். நான்கு அடியில் முதல் அடியைக் காலியாக விட்டு, மூன்றாவதில் விழுகிறார். கிதார் இரண்டிலும் நான்கிலும் வெட்டுகிறது. சமத்தைத் தாண்டி எடுப்பு வருவதை மியூசிக் அகாடமியில் கேட்டுப் பழகிய காதுக்கு இது எட்டாத விஷயமே இல்லை. அவளும் தொடையில் தட்டிப் பார்த்து, “முதல் தட்டுல ஒண்ணுமே இல்ல பெரியப்பா!” என்றாள்.

மூன்றாவது, ‘மார்கஸ் கார்வி’. நான்காவது, ‘கார்வீஸ் கோஸ்ட்’. இரண்டையும் பிரிக்கக் கூடாது. முதலில் பாட்டு மனதில் பதிய வேண்டும். பதிந்தால்தான் டப்பில் என்ன இல்லாமல் போயிற்று என்பது தெரியும். அந்த இல்லாமைதான் டப்பின் அழகு. நேராக டப்பில் தொடங்குகிறவர்கள் பலரும் ‘பின்னணி இசை நல்லா இருக்கு’ என்று சொல்லிப் போய்விடுகிறார்கள். அது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

ஐந்தாவது, ‘கிங் டப்பிஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்’, 1976. அகஸ்டஸ் பாப்லோ மெலோடிகா வாசிக்கிறார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஊதி விளையாடும் அதே மெலோடிகா. மைனர் ஸ்கேலில் அவர் இழுக்கும் மெட்டுகளில் நம் காதுக்கு நடபைரவியின் சுரங்கள் வந்துபோகும். டப்பில் இதற்கு மேல் ஒரு தட்டு கிடையாது என்பது என் கட்சி. லீ பெர்ரியின் ‘சூப்பர் ஏப்’தான் உசத்தி என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. அதுவும் 1976தான். கேட்டுவிட்டு வரட்டும், பேசுவோம்.

ஐந்து என்று கேட்டவளிடம் ஆறாவதாக ஒன்றைக் கொசுறாகச் சேர்த்தேன்: லிண்டன் குவேசி ஜான்சனின் ‘ஃபோர்சஸ் ஆஃப் விக்டரி’, 1979. லண்டன் பிரிக்ஸ்டனில் வாழும் ஜமைக்காக் கவிஞர். போலீஸ் அடக்குமுறையைப் பற்றி மக்கள் பேசும் மொழியிலேயே எழுதிய கவிதைகளை டென்னிஸ் போவெல் அமைத்த இசையின் மேல் நிதானமாகச் சொல்கிறார். கவியரங்கம் கேட்டு வளர்ந்த கோபாலபுரத்துக்கு இவரை அறிமுகம் செய்யாமல் விடலாமா?

ஆறு ஆல்பமும் அன்று மாலையே அவள் போனில் வந்துவிட்டன. நாங்கள் ஒரு கேசட்டுக்காகக் கப்பல் வரும்வரை காத்திருந்தோம். அவளுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் போன் ஸ்பீக்கரில் போட்டாள். பாஸைக் காணோம். பாஸ் கிதாரின் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. விரல்நக அளவு ஸ்பீக்கருக்கு அந்த அதிர்வைத் தரும் சக்தி கிடையாது. எங்களிடம் பெயர்கள் இல்லை. ஆனால் பிளைவுட் பெட்டிக்குள் வைத்த பன்னிரண்டு இஞ்ச் ஊஃபர் இருந்தது. இவர்களிடம் எல்லாப் பெயரும் இருக்கிறது, ஊஃபர் இல்லை. ரெகேயில் ராகத்தைச் சுமப்பதே பாஸ்தான். அது போனால் கிதாரின் ‘சக் சக்’ மட்டும்தான் மிஞ்சும். என் அறைக்குக் கூட்டிவந்து பழைய செட்டில் போட்டேன். ஆடி மாதம் தெருமுனையில் சவுண்ட் சர்வீஸ்காரர் பெட்டியை முடுக்கும்போது நெஞ்சில் விழுமே, அதே அதிர்வு. அவள் பேசவில்லை. ஸ்பீக்கர் துணியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

இந்தத் தாளம் நமக்கு அந்நியம் என்று யாரும் தள்ள வேண்டாம். 1992இல் ‘சின்னச் சின்ன ஆசை’யில் ரகுமான் அதன் சாயலை எடுத்துத் தமிழ்நாடு முழுக்க முணுமுணுக்க வைத்தார். 1996இல் ‘லவ் பேர்ட்ஸ்’ படத்துக்குப் பர்மிங்காமின் அப்பாச்சி இந்தியனைப் பாட வைத்தார். தில்லியில் 2009இல் ரெகே ராஜாஸ் என்ற சவுண்ட் சிஸ்டம் கிளம்பியது. 2016 முதல் கோவாவில் ரெகேக்கென்றே சன்ஸ்பிளாஷ் விழா நடத்தினார்கள். 2018இல் யுனெஸ்கோ ரெகேயை மானுடத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலிட்டது.

படிக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஷஃபிளை அணைத்துவிடுங்கள். நல்ல ஹெட்போன் இல்லையென்றால், ஊஃபர் வைத்திருக்கும் நண்பர் வீட்டுக்குப் போங்கள். ‘மார்கஸ் கார்வி’யை முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேளுங்கள், பாட்டு மனப்பாடமாகும் வரை. ‘கார்வீஸ் கோஸ்ட்’ அதற்கப்புறம்.