சிக்னலில் ஒரு பரீட்சை

சென்ட்ரலுக்கு வரும் ரயில் பேசின் பிரிட்ஜில் நிற்காமல் போனால் அதைச் செய்தியில் போடலாம். ஹவுரா வண்டியோ டெல்லி வண்டியோ, எல்லா மொழிக்காரர்களும் மூட்டையோடு கதவருகே நின்று ஒரே சிக்னலைத் திட்டுவார்கள்.

இப்படிப் பிற பண்பாட்டாரோடு பழகும் திறனை அளக்க அமெரிக்காவில் ஐடிஐ என்றொரு கருவி இருக்கிறது. மில்டன் பென்னெட் 1986-இல் வகுத்த படிநிலைகளை ஒட்டியது. 50 கேள்விகள்; பதில் நாமே சொல்ல வேண்டும். ஐந்து படிகளில் எதில் நிற்கிறோம் என்று அது சொல்லிவிடும். "வடக்கன்ஸ் இடத்தைப் புடிச்சுட்டாங்க" என்பது இரண்டாம் படி. "எல்லாரும் மனுசங்கதானேப்பா" என்றால் தேறிவிட்டதாக நினைக்காதீர்கள், அது மூன்றாவதுதான். வேற்றுமையைப் பூசி மெழுகுகிறோமாம். கணியன் பூங்குன்றனாருக்கும் அங்கேதான் இடம் கிடைத்திருக்கும்.

ஒரு விஷயத்தில் கருவி கெட்டி. நாம் நம்மைப் பற்றி நினைக்கும் மதிப்பெண்ணையும் அது கணித்ததையும் அருகருகே வைத்துக் காட்டும். பெரும்பாலும் முதலாவதே பெரிது.

பேசின் பிரிட்ஜுக்குப் பக்கத்திலேயே வியாசர்பாடி. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் குடியேறிய இடம். அங்கே அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் தின்பவர் எந்த மொழி பேசினாலும் விலை புரிந்துவிடும், சான்றிதழ்தான் கிடையாது.

நிறுவனங்கள் இந்தப் பரீட்சையை மேலாளர்களுக்கு வைக்கின்றன. ஆள் பிடித்துத் தரும் கான்ட்ராக்டருக்கு யாரும் வைப்பதில்லை. ஒடிசாக்காரரோ பீகார்க்காரரோ, கூலியைக் குறைப்பதில் அவர் வேற்றுமையே பார்ப்பதில்லை. முதல் கேள்வித்தாளை அவரிடம் கொடுங்கள்.